டிவைஸ் டிரைவர் கோடை மற்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி மாற்றுவது எப்படி?

பழைய டிரைவர் (ஹார்ட்வேரை இயக்கும் ப்ரோக்ராம்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஓடுகிறது, ஆனால் பத்து வரி படிப்பதற்குள் தலை சுற்றுகிறது, எங்கிருந்து சீர்செய்ய ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களாக லினக்ஸ் டிரைவர்களோடுதான் என் வேலை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

மற்ற ப்ரோக்ராம்களில் கோடைப் பொறுமையாகப் படித்தாலே என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். டிரைவரில் பாதி விஷயம் சிப்புக்குள் இருக்கிறது. ஒரு ரெஜிஸ்டரில் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சின்ன நினைவிடம்) எழுதினால் என்ன ஆகும் என்பது டேட்டாஷீட்டில் (சிப் தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) இருக்கும், இல்லையென்றால் முன்பு எழுதியவரின் மண்டைக்குள் இருக்கும். அதைக் கோடுக்குள் கொண்டுவருவதுதான் முக்கியமான வேலை. இதை நான் ஒரு வரியை அழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அது ஒரு பிசிஐ கார்டின் (கம்ப்யூட்டரின் பிசிஐ ஸ்லாட்டில் செருகுவது) டிரைவர். இன்டரப்ட் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) வந்தால் ஓடும் ஹேண்ட்லரில், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் எழுதி இன்டரப்டை க்ளியர் செய்த உடனே, அதே ரெஜிஸ்டரை ரீட்எல் என்ற ஃபங்ஷன் வைத்துப் படிக்கும் வரி ஒன்று இருந்தது. படித்த மதிப்பை யாருமே பயன்படுத்தவில்லை. வீண் வரி என்று எடுத்துவிட்டேன். ரிவ்யூவில் ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் பார்த்தால் இன்டரப்ட் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதில் பாதி வெறுமனே வந்து போகிறது. காரணம் இதுதான்: பிசிஐயில் மெமரி ரைட் உடனே கார்டுக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. வழியில் பிரிட்ஜில் (சிபியுவையும் கார்டையும் இணைக்கும் சிப்) தங்கியிருக்கும், சிபியு காத்திருக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். அதே கார்டிலிருந்து ஒரு ரீட் செய்தால், முன்னால் போன ரைட் எல்லாம் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். நான் எடுத்த வரி அதற்காகவே இருந்தது. அது இல்லாததால் க்ளியர் போய்ச் சேருமுன்பே ஹேண்ட்லர் முடிந்துவிட்டது. இன்டரப்ட் லைன் இன்னும் இறங்காததால், அதே ஹேண்ட்லர் மறுபடி கூப்பிடப்பட்டது. வரியைத் திரும்பப் போட்டேன், மேலே ஒரு கமெண்டோடு: ‘க்ளியர் கார்டைச் சேரும்வரை காத்திருக்கவே இந்த ரீட். எடுத்தால் இன்டரப்ட் இருமுறை வரும்.’ முதலில் எழுதியவருக்கு இது தெரிந்திருந்தது. அதைக் கோடில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கமெண்ட் எழுதும்போது ‘ஸ்டேட்டஸைப் படிக்கிறது’ என்று எழுதாதீர்கள், அது வரியிலேயே தெரிகிறது. ஏன் என்பதை எழுதுங்கள். எம்ஸ்லீப்(20) என்று காத்திருக்கும் வரி இருந்தால், அந்த 20 மில்லிசெகண்ட் டேட்டாஷீட் சொன்னதா, யாரோ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததா? இரண்டாவது என்றால் அதையும் கூச்சப்படாமல் எழுதிவையுங்கள், அடுத்தவருக்குத் தைரியமாகக் கைவைக்க வசதி.

அடுத்தது வெற்று எண்கள். ரைட்எல்(0எக்ஸ்21, பேஸ் + 0எக்ஸ்24) என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பேஸ் முகவரியிலிருந்து 0எக்ஸ்24 தள்ளியுள்ள ரெஜிஸ்டரில் 0எக்ஸ்21 எழுது என்று அர்த்தம், 0எக்ஸ் என்றால் பதினாறடிமான எண். டேட்டாஷீட்டைத் திறந்தால், 0எக்ஸ்24 என்பது கன்ட்ரோல் ரெஜிஸ்டர், பிட் 0 எனேபிள், பிட் 4, 5 சேர்ந்து பர்ஸ்ட் நீளம் (ஒரே மூச்சில் அனுப்பும் டேட்டாவின் அளவு), அதில் 2 போடப்பட்டிருக்கிறது. லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இதற்கு மேக்ரோக்கள் இருக்கின்றன. தனி பிட்டுக்கு பிட்(0), தொடர் பிட்டுகளுக்கு ஜென்மாஸ்க்(5, 4), அதில் மதிப்பை வைக்க ஃபீல்ட்_ப்ரெப். எத்தனை இடம் ஷிஃப்ட் செய்ய வேண்டும் என்று கையால் எண்ண வேண்டாம். பெயர் மட்டும் டேட்டாஷீட்டில் உள்ளதையே வையுங்கள், அது அசிங்கமாக இருந்தாலும் சரி. நாளைக்குப் படிப்பவர் அந்தப் பெயரை வைத்துத்தான் டேட்டாஷீட்டில் தேடுவார்.

பிட் மாறும்வரை கையால் எழுதிய லூப் சுற்றிக்கொண்டிருந்தால், ரீட்எல்_போல்_டைம்அவுட் போடுங்கள். எதற்காகக் காத்திருக்கிறோம், எத்தனை இடைவெளி, எப்போது கைவிடுவோம் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

டிவைஸ் கிடைத்ததும் அதைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷனில் எர்ரர் பாதை பெரும்பாலும் குழப்பமாக இருக்கும். பிழை வந்தால் தாவிப்போகும் கோடூ லேபிளுக்கு எர்ர்3 என்று பெயர் வைக்காமல், அங்கே போனால் என்ன நடக்குமோ அதையே பெயராக வையுங்கள்: எர்ர்_டிசேபிள்_கிளாக். எடுத்ததைத் தானே விடுவித்துவிடும், டெவ்எம்_ என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் பாதி லேபிள்கள் தேவையே இருக்காது. ஆனால் அரைகுறையாக மாற்றாதீர்கள். டெவ்எம் மூலம் எடுத்தவை, டிவைஸை நீக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். கிளாக்கை (சிப்பை ஓட்டும் துடிப்பு சிக்னல்) ரிமூவில் கையால் நிறுத்தி, இன்டரப்டை மட்டும் டெவ்எம்மிடம் விட்டால், கிளாக் நின்ற பிறகும் ஹேண்ட்லர் ஓட வாய்ப்பு உண்டு. சில சிப்களில் அப்படி ரெஜிஸ்டரைத் தொட்டால் மொத்த சிஸ்டமே உறைந்துபோகும்.

இன்டென்ட், வரி நீளம் எல்லாம் கெர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அதன் வரி நீள எச்சரிக்கையும் 2020இல் 80 எழுத்திலிருந்து 100க்குத் தளர்ந்துவிட்டது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் முதலில் எண்களுக்குப் பெயர் வைப்பதிலிருந்து தொடங்குங்கள். அதைத் தனி பேட்சாக (ஒரு மாற்றத் தொகுப்பாக) வையுங்கள், பிழைத்திருத்தம் எதையும் அதோடு கலக்காதீர்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் ஃபைலை ஆப்ஜ்டம்ப் கொண்டு இன்ஸ்ட்ரக்ஷன்களாகப் பிரித்து, இரண்டையும் டிஃப் போட்டுப் பாருங்கள். பெயர் மட்டும் மாறியிருந்தால் இன்ஸ்ட்ரக்ஷன்களில் வித்தியாசம் வரக் கூடாது. வந்தால், எந்த ஃபங்ஷனில் வந்திருக்கிறதோ அங்கே ஏதோ ஒரு பிட்டைத் தவறாகப் படித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.