பின்பாட்டு இல்லாத பாட்டுக்காரன்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் பொறியியல் படிக்கிறேன். கல்லூரி பேண்டில் பாடகன். பாடகர் பீட்டர் கேப்ரியல், ஜெனிசிஸ் என்ற ஆங்கில ராக் பேண்டை விட்டு வந்த பிறகு 1977இல் போட்ட முதல் தனி ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ‘சோல்ஸ்பரி ஹில்’ மட்டும் பிடித்தது, ஆனால் தாளம் நொண்டுகிறது. அவ்வளவு பெரிய பேண்டில் இருந்து வந்தவர் இன்னும் உறுதியாகத் தொடங்கியிருக்க வேண்டாமா? கூட இருந்தவர்கள் அவரை அமுக்கி வைத்ததால்தான் விலகினார் என்று நினைக்கிறேன். நானும் தனியாகப் பாடப் போகலாமா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

தாளம் நொண்டவில்லை. அது ஏழு தட்டு. ‘தகிட தகதிமி’ என்று தொடையில் போட்டுப் பாருங்கள், சரியாக உட்காரும்.

‘அமுக்கி வைத்தார்கள்’ என்று எழுதியதைத்தான் என்னால் விட முடியவில்லை. யார் அமுக்கினார்கள்? 1974இல் வந்த ஜெனிசிஸின் இரட்டை ஆல்பத்துக்கு ஏறக்குறைய எல்லா வரிகளையும் கேப்ரியல்தான் எழுதினார். அந்த வருஷம்தான் முதல் குழந்தை பிறந்து உயிருக்குப் போராடியது. வீடு ஒரு பக்கம், பேண்டு ஒரு பக்கம் இழுத்தது. 1975இல் விலகினார். இதில் வில்லன் யாரும் இல்லை. பிரிந்து போகிறவனை உயர்த்த, இருக்கிறவர்களைத் திட்டுவது மோசமான பழக்கம்.

ஆரணிப் பக்கம் எங்கள் ஊரில் திரௌபதியம்மன் கோவிலில் பாரதம் வைத்தால் ராத்திரி கூத்து நடக்கும். கர்ணன் வேஷம் கட்டுகிற ஒருவர் பேர்பெற்ற ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில் இருந்து பிரிந்து சொந்த ஜமா கட்டினார். முதல் வருஷம் கர்ண மோட்சம். அதே தொண்டை, அதே அடவு. ஆனால் அவர் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது பின்பாட்டுக்காரர்கள் அதை எடுக்க வேண்டும் இல்லையா? பழைய ஆட்கள் அவர் தோள் அசைவதைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். புது ஆட்களுக்கு அந்த இடம் தெரியவில்லை. அவரே அடியைப் பாடி, அவரே திருப்பிப் பாடி, நடுச்சாமத்துக்குள் குரல் உடைந்துவிட்டது. சில பையன்கள் சிரித்தார்கள். “சிரிக்காதீங்கடா, அவன் ரெண்டு பேர் வேலையப் பாக்கறான்” என்று தாத்தா அதட்டினார்.

கேப்ரியலின் ஆல்பத்தை எப்போது கேட்டாலும் எனக்கு அந்த ராத்திரிதான். நீங்கள் சம்பந்தமில்லை என்று சொல்வது உண்மை. ஒரு பாட்டு நாலு பேர் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்கப் பாணியில் தொடங்கும், ஒன்று ப்ளூஸ், ஒன்றில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவே வருகிறது. பள்ளிக்கூட நாளில் இருந்து கூடவே இருந்தவர்கள் இப்போது இல்லை. டொராண்டோ ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் சேர்த்த புது ஆட்கள் நிற்கிறார்கள். எந்தக் குரலில் பாடினால் இவர்கள் பதில் சொல்வார்கள் என்று மனிதர் தேடுகிறார். அந்தத் தேடலைத்தான் நீங்கள் உறுதியின்மை என்கிறீர்கள்.

கடைசிப் பாட்டு ‘ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்’டைக் கேளுங்கள். இசை பெருகிப் பெருகிக் குரலையே மூடிவிடுகிறது. 1979இல் ராபர்ட் ஃபிரிப்பின் தனி ஆல்பத்தில் அதே பாட்டை ஏறக்குறைய பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த இரண்டு வருஷத்தில் அவர் என்ன கற்றார் என்று புரியும். ஃபிரிப் முதல் ஆல்பத்திலேயே கிதார் வாசித்தவர். அதில் பேஸ் கிதார் வாசித்த டோனி லெவினும் புது ஆள்தான். 2023 பயணத்திலும் கேப்ரியல் பக்கத்தில் அவர்தான் நின்றார். மூச்சு வாங்கும் இடம் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார், அப்புறம் விடுவாரா?

இன்னொன்று. ஜெனிசிஸில் கேப்ரியலுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பின்பாட்டு பாடியவர் ஃபில் காலின்ஸ். கேப்ரியல் போனதும் வெளியில் எல்லாம் பாடகர் தேடிவிட்டுக் கடைசியில் காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். 1976இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், யாரும் அநாதையாகவில்லை.

நீங்கள் தனியாகப் போகலாமா? தாராளமாகப் போங்கள், அதற்கு என் அனுமதி எதற்கு? ஆனால் உங்கள் பேண்டில் பின்பாட்டு பாடுவது யார்? உங்களைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.