ஒதுக்கியது எவ்வளவு, வந்தது எவ்வளவு?

கேள்வி: ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் மாகாண வீதிகளுக்கு மில்லியன் கணக்கில் ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள். ஏ9 வீதியில் வழுக்கிக்கொண்டு போகும் வான், எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியதும் குழிகளுக்குள் இறங்குகிறது. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் என்னதான் செய்கிறார்கள்?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: உறுப்பினர்களைப் பிறகு பார்ப்போம். உங்கள் ஊர் வீதி யாருடையது என்று என்றாவது விசாரித்தீர்களா? ஏ, பி தர வீதிகள், ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண சபைக்கு. அதற்குக் கீழே உள்ள ஒழுங்கைகள் பிரதேச சபையின் தலையில். போருக்குப் பின் ஏ9 வீதி சீனக் கடனில் எழுந்தது; 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது இந்தியக் கடனில். கடன் ஒப்பந்தத்தில் தொகை, முடிக்க வேண்டிய திகதி, மேற்பார்வைப் பொறியியலாளர் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஊர் வீதிக்கு அப்படி எதுவும் இல்லை.

அதற்கான பணம் வரும் வழி வேறு. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும், பாராளுமன்றம் ஒதுக்கும், திறைசேரி கொடுக்கும். ஒதுக்கீட்டில் பெரும்பகுதி மாகாண ஊழியர்களின் சம்பளத்துக்கே போய்விட, வீதிக்கு மிஞ்சுவது, வீதி, கட்டடம் போன்ற வேலைகளுக்கான மூலதன நன்கொடையில் ஒரு துண்டு. அந்தத் துண்டையும் திறைசேரி தன் கையிருப்பைப் பார்த்துத் தவணை தவணையாகவே விடுவிக்கிறது. வரவு செலவுத் திட்ட உரையில் கேட்கும் தொகை ஒதுக்கீடு மட்டுமே. ஒப்பந்தகாரருக்குக் காசோலை எழுத உதவுவது அந்த விடுவிப்புத்தான். செலவாகாத ஒதுக்கீடு டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிடும் என்பதால், கேள்விப்பத்திரம், அங்கீகாரம், தாமதமாக வரும் தவணை என்று பத்து மாதங்கள் கழிந்த பிறகு, எஞ்சிய இரண்டு மாதங்களில் வேலை தலைதெறிக்க ஓடுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் அந்த மாதங்கள்தான் மாரி. கடந்த மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது, தூறலுக்குள் தார் ஊற்றுவதை நானே குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன்; பொங்கலுக்கு முன் சல்லி கிளம்பிவிட்டது. கணக்கில் அந்த வீதி 'பூர்த்தி' என்றே இருக்கும்.

இந்த நிதியாண்டு விதி வடக்குக்கென்று வகுக்கப்பட்டதல்ல. ஒன்பது மாகாணங்களுக்கும் ஒன்றே. ஆனால் மழை ஒரே மாதத்தில் எல்லா இடமும் பெய்வதில்லை. 'புறக்கணிப்பு' என்ற சொல்லை ஆயிரம் தடவை மேடையில் உச்சரிப்பவர்கள், பருவமழை மாகாணங்களின் வீதி நிதியை ஆண்டின் முற்பாதியில் விடுவியுங்கள் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள் என்பதே என் சந்தேகம். கேட்க வேண்டிய வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தலும் இல்லை, ஆளுநரும் அதிகாரிகளுமே திட்டம் வகுக்கிறார்கள்.

இனி உறுப்பினர்கள். 1974 இல் தொடங்கிய, உறுப்பினர்களின் சிபாரிசில் செலவிடப்பட்ட பன்முகப்படுத்தப்பட்ட நிதி, காலங்காலமாக ஒழுங்கைகளை நூறு, நூற்றைம்பது மீற்றர் துண்டுகளாகக் கொங்கிறீற் ஆக்கி, ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு பெயர்ப்பலகையை நட்டது. வீதியை விடப் பலகைக்கு ஆயுள் கெட்டி. போட்ட வீதியைப் பராமரிக்கவும், அதில் பஸ் ஓட்டவும் யாரும் நாடா வெட்டுவதில்லை அல்லவா? வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்கு மானியம் கொடுத்து பஸ் ஓட்டும் 'கெமி செரிய' என்றொரு திட்டம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அதைக் கேட்டு எவராவது கடிதம் எழுதினாரா?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் திட்டத்தின் விபரத்தையும் வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே மக்களுக்கு வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் வீதியின் தரம் எது, இவ்வாண்டு அதற்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, எந்த மாதத்தில் என்று நான்கு வரியில் எழுதி, உரிய நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர் கடமை. வரும் பதிலை எமக்கும் அனுப்பினால், உறுப்பினர்களின் விளக்கத்தையும் கேட்டு இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.