கணினி கேள்வி பதில்: ஹெக்ஸில் ஏன் இத்தனை எஃப்?

ஒரு சொல்லின் பைட்டுகளை ஹெக்ஸாக (16 அடிமான எண்ணாக, பைட்டுக்கு இரண்டு இலக்கம்) அச்சிட சி நிரல் எழுதினேன். ஆங்கிலப் பெயர் கொடுத்தால் சரியாக வருகிறது. 'தருமபுரி' என்று கொடுத்தால் வரி முழுக்க எஃப் எஃப் என்று கொட்டுகிறது. ஏன்?
*கல்லூரி மாணவி, தருமபுரி*

பைட்டுகளை வெறும் கேரக்டர் வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஜிசிசி என்ற சி கம்பைலர் அந்த வகையைக் குறியுள்ளதாகவே (கழித்தல் எண்ணும் ஏற்பதாக) எடுத்துக்கொள்ளும். அதாவது -128 முதல் 127 வரைதான் அதற்குள் அடங்கும். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128க்குக் கீழே இருப்பதால் தப்பித்துவிடுகின்றன. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும், துணைக்குறிக்கும் மூன்று பைட். 'த' என்பது 224, 174, 164. இதில் 224 உங்கள் மாறிக்குள் போனதும் -32 ஆகிவிடுகிறது. அது அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்புக்குப் போகும் வழியில் 4 பைட் முழு எண்ணாக (இன்ட்) விரியும். எண்ணின் குறி மாறக்கூடாது அல்லவா, அதனால் மேலே உள்ள 24 பிட்டும் 1ஆக நிரம்பும். 224க்கு ஹெக்ஸில் ஈ0 என்று மட்டும் வரவேண்டிய இடத்தில் முன்னால் ஆறு எஃப் ஒட்டிக்கொள்வது இப்படித்தான். பிரிண்ட்எஃப்பில் '02' என்று அகலம் கொடுத்தும் ஏன் வெட்டவில்லை என்றால், அது குறைந்தபட்ச அகலம். நீண்டதை அது வெட்டாது.

மாறியை அன்சைன்டு கேரக்டர் (குறியில்லாத வகை) என்று அறிவியுங்கள், தீர்ந்தது. இதே பிழையான நிரல் லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை போர்டில் ஒழுங்காக ஓடும். அங்கே வெறும் கேரக்டர் வகைக்குக் குறி கிடையாது. 'அதில் ஓடுகிறதே' என்று விட்டுவிடாதீர்கள்.

விடையை ஒரு பஃபரில் (ஒதுக்கிய நினைவிடத்தில்) சேர்ப்பதானால் பைட் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்துக்கு ஒன்று கூட்டுங்கள். 'தருமபுரி'யில் எழுத்து ஐந்து, துணைக்குறி மூன்று. ஆக 24 பைட், 48 ஹெக்ஸ் இலக்கம், பஃபர் 49. 'கிருஷ்ணகிரி' என்றால் புள்ளியையும் சேர்த்து 33 பைட், பஃபர் 67. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணிப் பஃபர் ஒதுக்கினால் நிச்சயம் வழியும்.

மாம்பழக்கூழ் ஆலையில் வெப்பமானி மோட்பஸ் ஆர்டியூ (ஆலைக் கருவிகள் தரவு பரிமாறும் நெறிமுறை) வழியாகத் தரும் பதிலை ஹெக்ஸாக்கிக் கோப்பில் எழுதுகிறோம். இயந்திரம் சூடாக இருக்கும்போது வரி முழுதாக வருகிறது. காலையில் குளிர்ந்திருக்கும்போது 010302 என்பதோடு நின்றுவிடுகிறது. மானி பழுதா?
*பராமரிப்புப் பிரிவு ஊழியர், கிருஷ்ணகிரி*

மானி நன்றாகத்தான் இருக்கிறது. நீளத்தை ஸ்டர்லென் என்ற சி ஃபங்ஷன் வைத்து அளக்கிறீர்கள், அதுதான் கோளாறு. அது பூஜ்ஜிய பைட்டைக் கண்டதும் 'வாக்கியம் முடிந்தது' என்று நின்றுவிடும். உங்கள் பதில் 7 பைட்: முகவரி 01, செயல் 03, தரவின் நீளம் 02, வெப்பத்துக்கு இரண்டு பைட், பிழைச்சோதனைக்கு இரண்டு. இந்த மானிகள் பெரும்பாலும் பத்தால் பெருக்கி அனுப்பும். 92.5 டிகிரி என்றால் 925, அதாவது 03 9டி. அதில் பூஜ்ஜிய பைட் இல்லை. 25.0 என்றால் 250, அதாவது 00 எஃப்ஏ. நான்காவது பைட்டிலேயே பூஜ்ஜியம். 0 முதல் 25.5 வரை எப்போதும் இப்படித்தான் நிற்கும். சூடாக இருக்கும்போதும் சரியாக 51.2இலோ 76.8இலோ ஐந்தாவது பைட் பூஜ்ஜியமாகி ஒருநாள் மாட்டும். சூட்டில் முழு வரி வருவதும் அதிர்ஷ்டம்தான். பின்னால் பூஜ்ஜியம் இல்லாவிட்டால் ஸ்டர்லென் ஏழைத் தாண்டியும் படித்துக்கொண்டே போகும்.

சீரியல் போர்ட்டிலிருந்து படிக்கும் ரீட் ஃபங்ஷன் எத்தனை பைட் வந்தது என்று திருப்பித் தருகிறது. அந்த எண்ணைச் சேமித்து, மாற்றும் ஃபங்ஷனுக்குத் தரவோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரே ரீட்டில் ஏழும் வராமல் துண்டுதுண்டாகவும் வரலாம். ஏழு சேரும்வரை கூட்டிக்கொண்டே போகவேண்டும்.

இன்னொன்று: வெப்பத்தின் இரண்டு பைட்டையும் மெம்காப்பியால் (பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் ஃபங்ஷன்) 16 பிட் மாறியில் போட்டால் 250க்குப் பதில் 64000 கிடைக்கும். மோட்பஸ் பெரிய பைட்டை முதலில் அனுப்புகிறது, பிசி சிறியதை முதலில் எதிர்பார்க்கிறது. முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் தள்ளி இரண்டாவதைச் சேர்ப்பதே வழி.

ஹெக்ஸ் உரையைத் திரும்ப பைட்டாக்க, உரையிலிருந்து எண்ணைப் படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப்பில் '2எக்ஸ்' வடிவம் பயன்படுத்துகிறேன். மாற்றம் சரி, ஆனால் பக்கத்தில் உள்ள வேறு மாறி 0 ஆகிவிடுகிறது.
*ஓசூர் வாசகர்*

அந்த வடிவம் 4 பைட் எழுதும். நீங்கள் கொடுத்த இடமோ 1 பைட். அடுத்தடுத்த சுற்று மேலே எழுதிக்கொண்டே போவதால் நடுவில் தெரியாது. கடைசிச் சுற்றில் மூன்று பூஜ்ஜியம் வரிசைக்கு வெளியே விழும். எக்ஸுக்கு முன் இரண்டு ஹெச் சேர்த்தால் ஒரு பைட்டோடு நிற்கும். அப்போதும் '-5' என்ற உரையை அது மறுக்காமல் 251 என்று ஏற்கும். ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணிலிருந்தும் இலக்கத்துக்கு (0-9) 48, பெரிய எழுத்துக்கு (A-F) 55, சின்ன எழுத்துக்கு (a-f) 87 கழித்து நீங்களே மாற்றுவது நல்லது. இந்த மூன்று வரம்புக்குள்ளும் அடங்காத எழுத்து வந்தாலோ, மொத்த நீளம் ஒற்றைப்படையாக இருந்தாலோ பிழை என்று திருப்பி அனுப்புங்கள். கோப்பிலிருந்து படித்த வரியானால் கடைசியில் இருக்கும் வரிமுடிவுக் குறிகளான 13, 10 இரண்டையும் முதலில் நீக்கிவிட்டு நீளம் பாருங்கள்.