எண்ணூர் ஆற்றுக்கு வரும் ஆபீஸ் ஆட்களுக்கு: கேள்வி பதில்

கம்பெனிகளிலிருந்து சனிக்கிழமைகளில் தன்னார்வலர்களாக வருகிறவர்களை எண்ணூர் ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க் கரைக்கும் கூட்டிப்போய் வேலை வாங்குவது என் பொறுப்பு. வீடு கத்திவாக்கத்தில். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, மற்றவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட், எச்ஆர் பிரிவு: ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளன்று 200 ஊழியர்களோடு ஆற்றங்கரையில் மரம் நட விரும்புகிறோம். இடம் காட்டுவீர்களா?

இடம் காட்டுவேன் மேடம், தேதிக்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜூன் 5 என்றால் கத்திரி முடிந்து ஒரு வாரம். கேரளாவுக்கு அது மழைக்காலம். நமக்கு மழை என்றாலே ஐப்பசி, கார்த்திகை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான் பெய்கிறது. ஜூனில் நட்ட கன்றுக்கு நாலு மாதம் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்ற வேண்டும். அந்த நாலு மாதமும் உங்கள் ஆபீசில் யாருக்கும் இந்தக் கன்றின் ஞாபகம் இருக்காது. நட்ட இடத்தில் பெயர்ப் பலகை நிற்கும், கன்று நிற்காது. எண்ணூர்ப் பக்கம் அப்படிப் பலகைகள் நிறையவே உண்டு.

ஜூனில் வருவதென்றால் குழி எடுக்க வாருங்கள். போன வருடம் நட்ட கன்றுகளுக்குப் பாத்தி கட்டி, காய்ந்த இலையால் மூடாக்குப் போட வாருங்கள். போட்டோவுக்கு அவ்வளவாக எடுபடாது, ஆனால் கன்று பிழைக்கும்.

எந்த இடத்தில் எந்த மரம் என்பதும் முக்கியம். எண்ணூர் ஆறு என்று நாம் சொல்வது கொசஸ்தலை ஆற்றின் கடைசிப் பகுதி. அந்த ஆறு பூண்டி, தாமரைப்பாக்கம் தாண்டி வந்து, வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே உப்பாகிவிடுகிறது. அணைக்கட்டுக்கு மேலே மருதம், நாவல், புங்கம் எல்லாம் வரும். கீழே பூவரசு, புன்னை, பனை என்று உப்பைத் தாங்குகிறவைதான் சரிப்படும். நர்சரிக்காரர் மலிவாகத் தருகிறார் என்று குல்மொகர் கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

200 பேரை ஒரே நாளில் ஒரே கரையில் இறக்கினால் கரைதான் மிதிபட்டுப் பாழாகும். 30 பேருக்கு மேல் நான் கூட்டிப் போவதில்லை. எல்லாருமே வந்தாக வேண்டும் என்றால் செப்டம்பரில் பனை விதை ஊன்ற வாருங்கள். ஆவணியில் பழம் விழுந்து கொட்டைகள் கிடைக்கும். பத்தடிக்கு ஒன்று என்று கரை நெடுகப் பிரிந்து நின்று ஊன்றலாம், நெரிசல் இருக்காது. பனை முதலில் கீழேதான் இறங்கும். மேலே இலை தெரிவதற்குள் வேர் ஈரத்தைப் பிடித்துவிடும், அதனால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஒரே ஒரு ஆபத்து: பொங்கலுக்கு முன்னால் கிழங்குக்காகத் தோண்டிவிடுவார்கள். அதனால் ஊருக்குள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிழங்குக்கென்று தனியாக ஒரு பாத்தி போட்டுக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

மாதவரம், லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, கணக்குப் பிரிவு: ஊழியர்கள் சம்பளத்தோடு ஒரு நாள் வந்து வேலை செய்கிறார்கள். அந்த நேரத்தின் மதிப்பை சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) செலவாகக் காட்டலாமா?

முடியாது சார். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஊழியர்கள் இதில் ஈடுபடுவதை வரவேற்கிறோம், ஆனால் அவர்கள் உழைப்புக்குப் பண மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் வந்த கம்பெனி விவகார அமைச்சக விளக்கமே தெளிவாகச் சொல்கிறது. ஊழியர்களுக்கான டி-ஷர்ட், பஸ், பிரியாணி எல்லாம் கம்பெனியின் சொந்தச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் ஒரு யோசனை. விதிகளில் ‘தொடர் திட்டம்’ என்று ஒரு வகை இருக்கிறது. தொடங்கும் நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். நடும் நாளுக்கு மட்டும் பணம் ஒதுக்காமல், தண்ணீர் ஊற்றவும் வேலியைப் பார்த்துக்கொள்ளவும் உள்ளூர் ஆள் ஒருவருக்கான மாதக் கூலியை அந்தக் காலம் முழுக்கத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். வேலையை எடுத்து நடத்தும் அமைப்புக்கு, அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வந்து போகும் 50 பேரை விட இந்த ஒரு ஆளின் சம்பளம்தான் எங்களுக்குப் பெரிய உதவி.

பெரம்பூர், ஐடி ஊழியர்: அலையாத்தி நடுவதுதான் எண்ணூருக்குத் தேவை என்கிறார்கள். எங்கள் டீம் ஆயிரம் கன்று நடத் தயார். எப்போது வரலாம்?

ஆயிரம் என்று எண்ணிக்கையில் தொடங்குவதுதான் சிக்கலே தம்பி. அலையாத்தி கழிமுகச் சேற்றில் வளரும் மரம். அதற்குக் கன்றை விடக் கடல் தண்ணீர் வந்து போகும் வழிதான் முதல் தேவை. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதற்குள் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் மட்டுமே அது நிற்கும். அரை அடி தாழ்ந்தால் தண்ணீரிலேயே கிடந்து அழுகும். அரை அடி உயர்ந்தால் உப்புப் பூத்துக் கருகும். வெண்கண்டலைப் பார்த்திருப்பீர்கள், சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சேறோ அனல்மின் நிலையச் சாம்பலோ மேலே படிந்து அந்த வேர்களை மூடினால் வளர்ந்த மரமே பட்டுப்போகும், கன்று எம்மாத்திரம்.

பிச்சாவரத்தில் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் செய்த வேலையைப் பார்த்தால் புரியும். முதலில் மீன் எலும்பு வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, உப்பளமாய்க் காய்ந்து கிடந்த தரைக்குள் கடல் தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள். நட்டது அதற்கப்புறம்தான். வாய்க்கால் சரியாக இருந்தால் பக்கத்து மரங்களின் விதை மிதந்து வந்து தானாகவே முளைத்துக்கொள்வதும் உண்டு. எண்ணூரில் தூர்ந்துபோன சிறு வாய்க்கால்களில் பிளாஸ்டிக்கும் கிழிந்த வலைத் துண்டுகளும் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றை எடுத்துவிடுவது உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய வேலை. சேற்றைத் தோண்டுவது வேறு. அலையாத்தி இருக்கும் இடம் கடலோர ஒழுங்காற்று விதிகளில் மிகக் கடுமையான வகையில் வருவதால், அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

அப்புறம், வெறும் சேறாகத் தெரியும் இடத்தை யாருக்கும் வேண்டாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் வரிசையாகக் கன்று நட ஆசைப்படும் இடம் அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. அவர்களைக் கேட்காமல் ஒரு கன்றுகூட நடக் கூடாது.

காட்டுக்குப்பம், மீனவக் குடும்பத்து இளைஞர்: ஆத்தை நாசம் பண்ணதே கம்பெனிங்கதான். அவங்களே வந்து நாலு பாட்டில் பொறுக்கிட்டு போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க. நீங்க எதுக்கு அண்ணா கூட்டிட்டு வர்றீங்க?

உன் கோபம் நியாயம்தான் தம்பி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்கு வந்தபோது, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பாய் நின்றதை யாரும் மறக்கவில்லை. அந்த எண்ணெயை அள்ள இறங்கியதும் உங்கள் குப்பத்து ஆட்கள்தான். அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீரையும் சாம்பலையும், ஆலை எண்ணெயையும் சனிக்கிழமைத் தன்னார்வலர் யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. குழாயை அடைக்க வேண்டியவன் குழாய் வைத்தவன்தான். அதற்குப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, உங்கள் போராட்டமும் இருக்கிறது. குப்பை பொறுக்குவது அதற்கு மாற்று என்று எந்தக் கம்பெனியாவது சொன்னால் அந்தக் கம்பெனியை நானே கூட்டி வர மாட்டேன். ஆற்றில் கழிவு விடுவதாக வழக்கில் இருக்கும் ஆலையின் பேனரைக் கரையில் கட்டவும் விடுவதில்லை.

ஆனால் வருகிற பசங்களில் பாதிப் பேர் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மணலிக்காரர்கள். ஆற்றைப் பாலத்து மேலே பைக்கில் போகும்போது பார்த்ததோடு சரி. ஒரு தடவை சேற்றில் இறங்கினவன் அடுத்த தடவை கரையில் சாம்பல் குழாய் ஒழுகுவதைப் பார்த்தால் தேதியோடு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறான். புகார் கொடுக்க அது உதவுகிறது. அதற்காகத்தான் கூட்டி வருகிறேன். இன்னொன்று, படகு வாடகையும் வழிகாட்ட வருகிறவருக்கு ஒரு நாள் மீன்பாட்டுக்கு ஈடான கூலியும் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்பது என் நிபந்தனை. அது உங்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்றால் எனக்கு நேரடியாகச் சொல்லு.

மணலி புதுநகர்: சீமைக்கருவேலத்தை அகற்ற வரலாமா?

வளர்ந்த மரம் என்றால் வேண்டாம். வெட்டினால் தூரிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும். முள் ஷூவைத் துளைத்துக்கொண்டு காலுக்குள் போகும். அதை விறகாக்கிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கார்த்திகை மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது, ஒரு சாண் உயரக் கன்றுகளை வேரோடு பிடுங்கும் வேலைக்கு எத்தனை பேர் வந்தாலும் தகும். ஆடும் மாடும் காயைத் தின்று போட்ட சாணத்தில் கொத்தாக முளைத்திருக்கும். அந்த இடங்களில் தொடங்குங்கள்.

ரெட்டேரி: எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரையை எடுத்தோம், இரண்டே மாதத்தில் திரும்ப மூடிவிட்டது. என்ன செய்வது?

கழிவுநீர் வரும் வரை அது வரும். தோதான தண்ணீரில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிற செடி அது. எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழை திரும்ப ஏரிக்குள் தள்ளிவிடும். தூரமாகக் கொண்டுபோய் மட்கவிட வேண்டும். அதை விட, எந்தெந்த வாயிலிருந்து சாக்கடை விழுகிறது என்று ஏரியைச் சுற்றி நடந்து வரைபடம் போட்டு, குடிநீர் வாரியத்துக்கும் நீர்வளத்துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஆபீஸ் ஆட்களுக்கு இது ரொம்பவே பொருத்தமான வேலை.

தண்டையார்பேட்டை: காக்கா ஆழியை நாங்கள் சுரண்டி எடுக்கலாமா?

கூடாது. தென்னமெரிக்கப் பக்கத்துச் சிப்பி அது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் சேற்றுக்குள் இறங்க முடியாமல் செய்துவிடுகிறது. ஓடு வெறும் காலைக் கிழிக்கும். கொஞ்சமாகச் சுரண்டி அங்கேயே போட்டால் உயிரோடு இருப்பது வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நீர்வளத்துறையும் மீனவர்களும் சேர்ந்து பெரிய அளவில் செய்ய வேண்டிய வேலை இது.

ராயபுரம்: யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஆறு, ஏரி என்றால் நீர்வளத்துறை. அலையாத்தி என்றால் வனத்துறை. தெரு, பூங்கா, வடிகால் என்றால் மாநகராட்சி: திருவொற்றியூர், எண்ணூருக்கு 1-ஆம் மண்டலம், மணலிக்கு 2, மாதவரத்துக்கு 3. குப்பை எடுக்க லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அதே மண்டல அலுவலகத்தில் பேசி முடித்துவிட்டே தேதி குறியுங்கள். பொறுக்கிய மூட்டைகளைக் கரையில் விட்டுவிட்டுப் போனால், நாய் கிழித்துத் திரும்ப ஆற்றுக்கே போய்விடும். சேற்றோடு எடை போட்டு இத்தனை டன் என்று அறிவிப்பதும் வேண்டாம், அதில் பாதி மண்தான்.

மாதவரம் பால்பண்ணை, பெண் ஊழியர்: நீச்சல் தெரியாது. பாதுகாப்புக்கு என்ன? பாத்ரூம் வசதி இருக்குமா?

நல்ல கேள்வி அக்கா. திட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் கடைசியில் நினைக்கிறார்கள். நீச்சல் தேவையில்லை, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரையும் இறக்குவதில்லை. படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பாத்ரூமுக்கு, பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ முன்பே சொல்லி வைப்போம், அது கிடைக்காத நாளில் நிகழ்ச்சியையே தள்ளிவைத்துவிடுவோம். மெல்லிய சர்ஜிக்கல் கையுறை போதாது, கெட்டி ரப்பர் கையுறை வேண்டும். கால்வாய்க் கரையில் ஊசியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும். டிடி ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். மழை விட்டு வெள்ளம் வடிந்த வாரங்களில் அந்தப் பயம் அதிகம். எந்தக் காரணத்துக்காகவும் யாரும் சாக்கடைக்குள்ளோ மூடிய வடிகாலுக்குள்ளோ இறங்கக் கூடாது.

திருவொற்றியூர்: நாங்கள் பன்னிரண்டு பேர். கம்பெனி பேனர் எல்லாம் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை வர முடியும். என்ன வேலை தருவீர்கள்?

உங்களுக்கு இல்லாத வேலையா! கால்வாய்க் கரையில் ஒரு துண்டு, நூறு மீட்டர் போதும், அதை உங்கள் பேரில் விட்டுவிடுகிறேன். மாதாமாதம் அதே இடம். என்ன குப்பை, எந்தக் கடையின் கவர், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதக் கணக்கைக் காட்டினால் கவுன்சிலரிடம் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். நட்ட பூவரசுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் எண்ணுங்கள். செத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள், அடுத்த ஐப்பசியில் எங்கே நடக் கூடாது என்று தெரியும்.

காலை ஆறு மணிக்குக் கத்திவாக்கம் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், ஒன்பதரைக்கு முடித்துவிடலாம். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், நான் கேன் கொண்டு வருகிறேன், ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்து வாருங்கள். சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லுங்கள்: குப்பத்தில் நாலு பெண்கள் சேர்ந்து மீன் குழம்பும் சோறும் செய்து தருகிறார்கள். விலையில் பேரம் பேசாதீர்கள்.