பாம்புக்கு எலி: வலிக்காமல் கொல்ல வழி உண்டா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஒரு வருடமாக பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்று வளர்க்கிறேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கடையில் உயிருள்ள வெள்ளை எலிதான் கிடைக்கிறது. அதை அப்படியே பாம்புப் பெட்டிக்குள் விட மனசு வரவில்லை. கொன்று கொடுக்கலாம் என்றால் எப்படி என்று தெரியவில்லை. டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சிரிக்கிறார்கள். "எமனுக்கு அசிஸ்டெண்ட் ஆயிட்டியாடா" என்கிறான் ஒருவன். ஃப்ரீசரில் போடு, தூங்கிக்கொண்டே செத்துவிடும் என்கிறான் இன்னொருவன். பாமணி ஆற்றில் முக்கு, பைக் சைலன்சரில் குழாய் மாட்டு, வினிகரில் சமையல் சோடாவைப் போட்டு மூடு என்று போய்க்கொண்டே இருக்கிறது. வயலில் கிட்டியில் மாட்டுகிற எலியைப் போடேன், காசாவது மிஞ்சும் என்கிறார் அப்பா. பிள்ளையார் வாகனத்தைக் கொன்றால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் அப்பாயி. உண்மையிலேயே எலிக்கு வலிக்காமல் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நீங்கள் வைத்திருப்பது ஒரே ஒரு பாம்பு. அதற்காக உங்கள் கையால் ஓர் எலியைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என் முடிவான கருத்து. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் டீக்கடை யோசனைகளைப் பார்த்துவிடலாம். சிரிப்பதற்காகச் சொன்னவைதான், நானும் சிரித்தேன். ஆனால் இதே யோசனைகளை நிஜமாகவே செய்துபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் எலிக்கு என்ன நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் ஃப்ரீசர். குளிரில் தூக்கம் வருவது போல நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். எலி சூடான ரத்தம் உள்ள பிராணி. உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அது நடுங்கும், சுருண்டுகொள்ளும், வெளியே வரப் பார்க்கும். நினைவு போவதற்கு நெடுநேரம் ஆகும். நினைவோடு இருக்கும் எலியை உறைய வைப்பது உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் ஒதுக்கிவிட்ட முறை. ஆற்றில் முக்குவதும் அப்படியே. எலி நன்றாக நீந்தும், கடைசி வரை போராடும். பைக் புகை சூடாக இருக்கும், அதில் எரியாத பெட்ரோலும் கரியும் கலந்திருக்கும். மூச்சுக்குழாய் எரிந்து சாவது வலியில்லாத சாவு இல்லை. அந்த எலியைத் தின்னப்போவது உங்கள் பாம்பு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வினிகர், சமையல் சோடா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த யோசனையில் பாதி சரி. இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆய்வுக்கூடங்களிலும் பெரிய எலிப் பண்ணைகளிலும் பயன்படுத்துவது அதே வாயுதான். சிக்கல் அந்த வாயு வரும் வேகத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மூக்கிலும் கண்ணிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகும். செறிவு அதிகமானால் அது எரியும், வலிக்கும். மெதுவாக ஏற்றினால் வலி தொடங்கும் செறிவு வருவதற்குள் எலிக்கு நினைவு போய்விடும். ஒரேயடியாக ஏற்றினால் எலி முழு நினைவோடு அந்த எரிச்சலை அனுபவிக்கும். ரொம்பவும் இழுத்தடித்தாலும் தவிப்புதான். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது: பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் வாயு உள்ளே போக வேண்டும். 20 லிட்டர் பெட்டி என்றால் நிமிடத்துக்கு 6 முதல் 14 லிட்டர். வாயுவை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு எலியை உள்ளே போடக் கூடாது. இந்த அளவைச் சிலிண்டரும் ரெகுலேட்டரும், வாயு ஓடும் வேகத்தைக் காட்டும் ஓட்டமானியும் இருந்தால்தான் பிடிக்க முடியும். வினிகர் பாட்டிலில் எவ்வளவு வாயு எந்த வேகத்தில் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பாதியில் வாயு தீர்ந்துவிட்டால் அரைமயக்கத்தில் இருக்கும் எலி மறுபடி எழுந்துகொள்ளும். ட்ரை ஐஸும், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடும், இதே காரணத்தால் கூடாது.

சிலிண்டர் வைத்துச் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூச்சு நின்ற உடனே வாயுவை நிறுத்தாதீர்கள். குறைந்தது இன்னும் ஒரு நிமிடமாவது ஓடட்டும், அப்புறம் சில நிமிடம் அப்படியே இருக்கட்டும். நெஞ்சில் விரல் வைத்துத் துடிப்பு இல்லை என்று பார்த்து, கண்ணைத் தொட்டால் அசைவில்லை என்று பார்த்து, அதற்கு மேலும் கழுத்தெலும்பை மண்டையோட்டிலிருந்து விலக்கி உறுதி செய்வதுதான் முறை. இறந்துவிட்டது என்று நினைத்து ஃப்ரீசரில் வைத்த எலி உள்ளே கண் விழித்தால், அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? எலிகளைப் பழகிய கூட்டத்தோடு, பழகிய கூண்டிலேயே வைத்துச் செய்தால் பயம் குறையும். உங்களுக்கும் ஆபத்து உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். பிள்ளைகள் விளையாடும் வீட்டுக்குள் செய்கிற வேலை இல்லை இது.

குட்டிப் பாம்பு வைத்திருப்பவர்கள் பிங்கி என்கிற முடி முளைக்காத எலிக்குஞ்சு வாங்குவார்கள். குஞ்சுதானே, சட்டென்று போய்விடும் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. பிறந்து பத்து நாளுக்குள் இருக்கும் குஞ்சு ஆக்சிஜன் குறைவை வளர்ந்த எலியைவிட வெகுநேரம் தாங்கும். சில நிமிடத்தில் வளர்ந்த எலியைக் கொல்லும் வாயுவில் குஞ்சு சாக 50 நிமிடம்கூட ஆகலாம். தயவுசெய்து வீட்டில் பிங்கியைக் கொல்ல முயலாதீர்கள்.

ஊசி போட்டுத் தூங்க வைக்கலாமே என்று கேட்கலாம். நாயை வலியில்லாமல் சாகவைக்கப் போடும் பெண்டோபார்பிட்டால் மருந்து எலியின் உடம்பில் அப்படியே தங்கும். அந்த எலியைத் தின்றால் பாம்புக்கும் அதே மருந்து போய்ச் சேரும். உணவாகப் போகும் எலிக்கு அது ஆகாது.

கையால் கழுத்தெலும்பை விலக்குவது, சரியாகச் செய்தால், நொடியில் முடியும். 200 கிராமுக்குக் குறைந்த எலிக்கு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'சரியாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தயங்கினால் எலிக்குக் கழுத்து முறியாமல் காயம் மட்டும் மிஞ்சும். வீடியோ பார்த்து உயிருள்ள எலியில் கற்றுக்கொள்ளக் கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, முதலில் செத்த எலியில் செய்யவைத்து, கை படிந்த பிறகுதான். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தூரமும் இல்லை. கற்றே தீர வேண்டும் என்றால் அங்கே போய் நேரில் கேளுங்கள்.

சரி, உயிரோடு விட்டால் என்ன? பாம்பு செய்யாததையா நாம் செய்யப்போகிறோம் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சுற்றி இறுக்கும் பாம்பு எலியை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். போவா பாம்பை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, அந்த இறுக்கத்தில் சில நொடியிலேயே ரத்த ஓட்டம் அடங்கிவிடுகிறது என்று காட்டியது. பசியோடு இருக்கும் பாம்பு சரியாகப் பிடித்தால் வேகமான சாவுதான். பாம்புக்குப் பசி இல்லாவிட்டால்? ஓட இடமில்லாத பெட்டிக்குள் எலி மணிக்கணக்கில் பாம்பின் வாசனையோடு உட்கார்ந்திருக்கும். பிறகு அதற்கே பசிக்கும், பாம்பைக் கடிக்கத் தொடங்கும். முதுகுத் தசை எலும்பு தெரியத் தின்னப்பட்ட பாம்புகள் உண்டு. கண் போன பாம்புகளும் உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட பால் பைத்தான் எதிர்த்துப் போராடாமல் சுருண்டு கிடக்கும், அதன் குணம் அது. இன்னொன்று, நண்பர்களைக் கூட்டி வைத்து இதை வேடிக்கை காட்டுவதோ வீடியோ எடுப்பதோ கூடவே கூடாது. கேளிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றுக்கு இரையாக அடைத்து வைப்பது, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவில் குற்றம்.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வயல் எலி வேண்டாம். சம்பாவில் கதிர் சூல் கட்டும் நேரத்தில் எலித் தொல்லை எப்படி இருக்கும் என்று டெல்டாவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வயலில் கிட்டி மட்டும் வைத்திருக்கலாம். பக்கத்து வயலில் சிங்க் பாஸ்பைடு, புரோமடயோலோன் மாதிரி எலி விஷம் வைத்திருந்தால்? புரோமடயோலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் நடமாடும், அதன் ஈரலில் விஷம் இருக்கும், உங்கள் கிட்டியில் வந்து மாட்டும். வயல் எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். அது பாம்பைவிட அதைக் கையில் தூக்கும் உங்களுக்குத்தான் ஆபத்து. வரப்பில் ஓடும் சாரை அந்த எலிகளைப் பார்த்துக்கொள்ளும். அதை அடிக்காமல் விட்டால் போதும்.

இப்போது உங்களுக்கு நான் சொல்லும் வழி. முறையாகக் கொன்று உறைய வைத்த எலியை வாங்குங்கள். வளர்ந்த பால் பைத்தானுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். மூன்று மாதத்துக்குப் பத்து எலிகூடத் தேவைப்படாது. கூரியரில் அனுப்பினால் இளகிவிடும் என்ற கவலை நியாயமானது. சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால், நாகப்பட்டினத்து மீன் வருமே, அதே மாதிரி தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, நன்றாக டேப் ஒட்டி, மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்துவிடலாம். வாங்கும்போது விற்பவரிடம் எலியை எப்படிக் கொல்கிறீர்கள் என்று கேளுங்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைத்துச் செய்பவர் தயங்காமல் சொல்வார். உயிரோடு ஃப்ரீசரில் போடுகிறவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் மனசு கேட்காமல் எனக்கு எழுதியதே அந்த எலிக்காகத்தான். கொல்லும் இடம் கண்ணுக்கு மறைந்துவிட்டதால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

கொடுப்பதற்கு முந்தின இரவு எலியைப் பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை பையோடே வெந்நீரில் வைத்து, எலியின் மேல்தோல் 38 டிகிரி வாக்கில் வரட்டும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். நீளமான இடுக்கியில் பிடித்து, தலைப்பக்கம் பாம்பைப் பார்க்க, லேசாக ஆட்டுங்கள். உயிர் எலிக்குப் பழகிய பாம்பு முதல் சில தடவை மறுக்கலாம். விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். நல்ல உடம்புள்ள வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். ஆனால் எடையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாயி சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எலிக்கும் ஓர் உயிர் இருக்கிறது என்றுதான் அவரும் சொல்கிறார். எலியை அவர் கண்ணில் படாமல், மாவும் பாலும் இருக்கும் ஃப்ரீசரில் வைக்காமல், தனிச் சின்ன ஃப்ரீசரில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எலியிலும் பாம்பிலும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரே தடவையில் நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அப்படி முழுதாக இளகிப்போனதை மறுபடி உறைய வைத்துக் கொடுக்காமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.