சுண்டெலி மூளை செக்‌ஷன்களை டிஜிட்டல் அட்லஸில் பொருத்துவது எப்படி?

கேள்வி: சுண்டெலி மூளையை 40 மைக்ரான் தடிமனில் கொரோனலாக (முன்பின் அச்சுக்குக் குறுக்காக) மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஆறுக்கு ஒரு செக்‌ஷன் எடுத்து, சி-ஃபாஸ் (அண்மையில் செயல்பட்ட நியூரான்களைக் காட்டும் புரதம்) ஸ்டெயின் செய்து செல்களை எண்ணுகிறோம். அச்சு அட்லஸைப் பார்த்துக் கண்ணளவில் எல்லை வரைந்தால் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் ஆளுக்கொரு எண்ணிக்கை வருகிறது. ஆலன் டிஜிட்டல் அட்லஸுக்கு மாறலாமா? அதன் எண்கள் பிரெக்மா (மண்டையோட்டு எலும்புகள் சந்திக்கும் புள்ளி) எண்களோடு ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்: எண்ணுவதற்கு மாறலாம். ஊசி செலுத்தும் அறுவைக்கு அதிலிருந்து நேராக எண் எடுக்காதீர்கள். சியாட்டிலின் ஆலன் நிறுவனம் தந்த சிசிஎஃப் (பொது ஆயச் சட்டகம்) அட்லஸின் மூன்றாம் பதிப்பு, 1,675 இளம் சுண்டெலிகளின் மூளைப் படங்களைச் சராசரியாக்கி 10 மைக்ரான் வாக்செலில் (முப்பரிமாணப் படப்புள்ளி) அமைத்தது. மண்டையோடு நீக்கிய மூளை என்பதால் அதில் பிரெக்மா என்ற புள்ளியே கிடையாது. மண்டையோட்டைச் சமமாக நிறுத்தும் நிலையோடு ஒப்பிட்டால் மூளை சற்றுச் சாய்ந்தும் இருக்கும். அறுவைக்குப் பிரெக்மாவிலிருந்து அளக்கும் ஸ்டீரியோடாக்ஸிக் அட்லஸையே நம்புங்கள்.

எண்ணிக்கை மாறுவதற்கு எல்லை வரையும் கை மட்டும் காரணமல்ல, வெட்டிய கோணமும்தான். உறையவைத்து வெட்டும் கருவியான கிரையோஸ்டாட்டில் மூளை இடவலமாக 5 டிகிரி சாய்ந்தால் போதும், 10 மில்லிமீட்டர் அகலத்தில் இட ஓரத்துக்கும் வல ஓரத்துக்கும் முன்பின்னாக 0.87 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். நீங்கள் எடுக்கும் செக்‌ஷன்களின் இடைவெளி 240 மைக்ரான். ஆகவே கண்ணாடியில் ஒட்டிய ஒரே துண்டில் இடப்பக்கம் ஒரு செக்‌ஷனும், வலப்பக்கம் மூன்று செக்‌ஷன் தள்ளிய இடமும் இருக்கும். அச்சு அட்லஸின் நேர்த்தளப் பக்கம் எதுவும் இதற்குப் பொருந்தாது. டிஜிட்டல் அட்லஸை எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். அதன் உண்மையான பலன் அதுதான்.

வேலையைக் கோப்புப் பெயரிலிருந்து தொடங்குங்கள். வெட்டிய வரிசை எண்ணையே _s001, _s007, _s013 என்று இடுங்கள். ஒரு செக்‌ஷன் கிழிந்து போனால் அதன் எண்ணைக் காலியாக விடுங்கள். அடுத்ததற்குக் கொடுத்தால் தொடர் முழுவதும் நகர்ந்துவிடும். வெட்டும் முன் ஒரு பக்க அரைக்கோளத்தில் ஊசியால் துளையிட்டு வைத்தால், தலைகீழாக ஒட்டிய செக்‌ஷனைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.

படங்களைச் சுருக்கி டீப்ஸ்லைஸ் என்ற தானியங்கி மென்பொருளில் கொடுத்தால் முதற்கட்ட இடமும் கோணமும் கிடைக்கும். அதைக் குவிக்என்ஐஐ மென்பொருளில் திறந்து, தொடரின் முன், நடு, பின் பகுதிகளில் நான்கைந்து செக்‌ஷன்களைக் கையால் சரிபாருங்கள். முன்புறக் கமிஷர் (இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புக் கற்றை), ஹிப்போகாம்பஸ் தொடங்கும் இடம், வென்ட்ரிக்கிள் (திரவ அறை) ஆகியவை நல்ல அடையாளங்கள். இரு பக்கமும் தனித்தனியாகப் பார்த்து முதலில் கோணத்தைச் சரிசெய்யுங்கள். ஒரே மூளையின் செக்‌ஷன்களுக்குக் கோணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் தாவினால் பொருத்தம் தவறு.

அதன்பிறகே விஷுஅலைன் மென்பொருளில் அட்லஸ் எல்லைகளை நுணுக்கமாக இழுத்துப் பொருத்துவது. பலர் தடுமாறுவது இங்கேதான். கோணம் தவறாக இருக்கும்போதே இழுத்தால் வெளிவிளிம்பு அழகாகப் பொருந்தும், உள்ளே அமிக்டலா இடம் மாறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லையில் மட்டும் புள்ளி வையுங்கள், ஊகத்தில் வைக்காதீர்கள்.

செல்களை இலாஸ்டிக் மென்பொருளில் பிரித்தெடுத்து, நுட்டில் மென்பொருள் மூலம் பகுதிவாரியாக எண்ணலாம். பிரித்த படமும் அட்லஸ் படமும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்க வேண்டும். வெட்டி ஒதுக்கிய படத்தைக் கலந்தால் எண்கள் பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும்.

பெயர்களிலும் கவனம் தேவை. ஃபிராங்க்ளின்–பாக்சினோஸ் அச்சு அட்லஸும் ஆலனும் புறணியைப் பிரிக்கும் விதம் வேறு, எல்லைகளும் வேறு. பழைய எண்ணிக்கையோடு புதியதை ஒப்பிட வேண்டுமானால் பழைய படங்களையும் மறுபடி பொருத்துங்கள். கட்டுரையில் அட்லஸின் பெயரோடு பதிப்பையும் எழுதுங்கள். முன்பின்னாக அரை மில்லிமீட்டரே உள்ள சிறு நியூக்ளியஸ் (நியூரான் திரள்) என்றால் உங்கள் இடைவெளியில் இரண்டு செக்‌ஷன்தான் சிக்கும். அங்கே மூன்றுக்கு ஒன்று எடுங்கள்.