பாலம் வந்தாச்சு, ராத்தங்கல் வருமா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ராமேஸ்வரத் தீவுக்குள் கூட்டம் கூடியிருக்கிறது. வங்கியில் 20 லட்சம் கடன் வாங்கி, மாடியில் நான்கு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்த நினைக்கிறோம். துணிந்து இறங்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அறைத் தொழிலுக்குச் சோறு போடுவது ராத்தங்கல்தான், அதாவது வருகிறவர் இரவு தங்குவதுதான். 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில் திரும்பியது நல்ல செய்தி. ஆனால் வந்து சேர வசதி கூடினால், அன்றைக்கே கிளம்பிப் போகவும் வசதி கூடும். பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கி.மீ. நான்குவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது முடிந்தால், மதுரையில் விடியற்காலை வேன் ஏறி, ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மதுரை திரும்புகிறவர்கள் இன்னும் பெருகுவார்கள்.

கடனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய், ஆண்டுக்கு 3.17 லட்சம். நான்கு அறைக்கு ஆண்டில் 1,460 இரவுகள். வாடகை 1,500 ரூபாய் வைத்து 30 சதவீதம் நிரம்பினால் வரவு 6.57 லட்சம். மின்சாரம், சலவை, ஆள் கூலி, முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றால் மிச்சம் தவணைக்குத்தான் சரியாக இருக்கும். 40 சதவீதம் நிரம்பினால் ஆண்டுக்கு 1.2 லட்சம் கையில் நிற்கும். ஆடி, தை அமாவாசையிலும் மே விடுமுறையிலும் தெரிகிற கூட்டத்தை வைத்து மொத்த ஆண்டையும் எடைபோடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். செவ்வாய், புதன் இரவுகளை யார் நிரப்புவார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் நான்கு அறை வேண்டாம். இரண்டில் தொடங்குங்கள்.

கட்டுமுன் சர்வே எண்ணைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் சரிபாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் (ஹோம்ஸ்டே) பதிவுக்கு அறைகள் ஆறைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. இணையதளம் வழி வரும் முன்பதிவுக்கு அந்தத் தளமே வரி கட்டிவிடும்.

கோயிலில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் நாலு மணிக்கே எழுவார்கள். வாசல் சாவி அவர்கள் கையில் இருக்கட்டும். தீர்த்தம் ஆடி ஈரத்தோடு வருகிறவர்களுக்குக் கொடிக்கயிறும், வாசலிலேயே கால் கழுவக் குழாயும் வேண்டும். முதியவர்களுக்குக் கீழ்த்தள அறை, உட்காரும் கழிப்பறை. உப்புக்காற்று ஏ.சி.யின் வெளிப்பெட்டியை அரிக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரண்டாம் நாளுக்கும் திட்டம் வைத்திருங்கள்: திருப்புல்லாணி, சேதுக்கரை, உத்தரகோசமங்கை, தேவிபட்டினம் ஒரே வட்டத்தில் முடியும். அடுத்த பத்தாண்டில் பிழைக்கப்போவது இந்த இரண்டாவது இரவை விற்கத் தெரிந்தவர்கள்தான்.

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் வருகிறதாமே, இப்போதே நிலம் வாங்கிப் போடலாமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கி நிலம் வாங்குவது சூதாட்டம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதைக் காட்டி விலை ஏற்றுவார்கள், ஏமாறாதீர்கள்.

கேள்வி: மீன்பிடி வள்ளத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: மீன்பிடிக்கப் பதிவான வள்ளத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். பயணிகள் படகுக்குத் தனிப் பதிவும் தகுதிச் சோதனையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது.

அனுமதிக்கு அடுத்த சிக்கல் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடைக்காற்றில் இது தலைகீழ். பெரிய ஃபைபர் படகை வாங்கி ஒரே துறையில் கட்டிப் போட்டவருக்குப் பாதி ஆண்டு வருமானம் போகும். வண்டியில் ஏற்றி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றக்கூடிய கயாக்குகள் (சிறு துடுப்புப் படகுகள்) நான்கைந்து இருந்தால் போதும். காரங்காடு அலையாத்திக் காட்டில் ஊர்க்காரர்களைச் சேர்த்து வனத்துறை நடத்தும் சவாரியை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காற்று மாறிச் சவாரி நின்றால் முன்பணத்தைத் திருப்பித் தருவோம் என்பதை ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்; துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு பயணியோடு வாக்குவாதம் செய்ய நேரம் இருக்காது.